ரேடான் வாயு: ஏசி அறையில் ஜன்னலை மூடித் தூங்குபவரா நீங்க? இதைத் தெரிஞ்சுக்கோங்க

மாட்டுத்தாவணியில் இருந்து மேலூர் ரோட்டில் போனால் ஒத்தக்கடையில் யானைமலை நிற்கிறது. மதுரையைச் சுற்றி மண்ணுக்கு அடியில் இருப்பதும் பெரும்பாலும் அதே மாதிரி பாறைகள்தான். இந்த வகைப் பாறையில் யுரேனியம் மிகச் சிறிய அளவில் கலந்திருக்கும். அது சிதைந்து ரேடியமாகி, அதிலிருந்து வெளியேறும் கதிரியக்க வாயுதான் ரேடான். நிறம், மணம், ருசி எதுவும் கிடையாது.

வெட்டவெளியில் காற்றோடு கலந்து போய்விடும். தரை விரிசல், குழாய் நுழையும் ஓட்டை வழியாக வீட்டுக்குள் வந்தால்தான் தேங்கும்.

ஆபத்து எவ்வளவு?

நுரையீரல் புற்றுநோய்க்குப் புகைப்பழக்கத்துக்கு அடுத்த முக்கியக் காரணம் ரேடான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வீட்டில் ஒரு கனமீட்டர் காற்றில் 100 பெக்கரலுக்குள் இருப்பது நல்லது, 300-ஐத் தாண்டக் கூடாது என்பது அதன் பரிந்துரை. புகைபிடிப்பவர் இருக்கும் வீடு என்றால் இன்னும் கவனம் தேவை. ரேடானால் அவர்களுக்கு வரும் ஆபத்து, புகைக்காதவர்களைவிட சுமார் 25 மடங்கு.

1984-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு சம்பவம். அணுமின் நிலையத்தில் வேலை பார்த்த ஒருவர் கதிர்வீச்சு அலாரத்தை அடிக்க வைத்தார். அங்கே மின் உற்பத்தியே அப்போது தொடங்கவில்லை! தேடிப் பார்த்தால், கதிரியக்கம் வந்தது அவர் வீட்டில் இருந்து.

நம்ம ஊரில்?

வெயில் ஊர், ஜன்னல் திறந்தே கிடக்கும். இதுவே பெரிய பாதுகாப்பு. ஆனால் ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது, அறைக் காற்றையே சுற்ற விடும். தரைத்தளத்தில், ராத்திரி முழுக்க மூடிய படுக்கையறைதான் கவனிக்க வேண்டிய இடம். கிச்சன் மேடை கிரானைட்டைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அதைவிடத் தரைக்கு அடியில் இருந்து வருவதுதான் பொதுவாக அதிகம்.

எப்படி அளப்பது?

அளந்தால் மட்டுமே தெரியும், இருமலோ தலைவலியோ காட்டிக்கொடுக்காது. ஆன்லைனில் டிஜிட்டல் ரேடான் மீட்டர் கிடைக்கிறது. தரைத்தளப் படுக்கையறையில், மூச்சு விடும் உயரத்தில், ஜன்னல், ஃபேன், குளியலறைக்குத் தள்ளி வையுங்கள். ரேடான் நாளுக்கு நாள் ஏறி இறங்கும், அதனால் ஒருநாள் அளவை நம்பாதீர்கள். 3 மாத சராசரிதான் கணக்கு. ஆய்வாளர்கள், பாபா அணு ஆராய்ச்சி மையம் உருவாக்கிய சின்ன டப்பாவை மாதக்கணக்கில் தொங்கவிடுவார்கள். உள்ளே இருக்கும் பிலிமில் ஆல்ஃபா துகள் பட்ட தடங்களை எண்ணி அளவைச் சொல்வார்கள்.

அதிகமா இருந்தா?

முதல் வேலை, ஜன்னலைத் திறப்பது. எதிரெதிர் ஜன்னல் என்றால் இன்னும் நல்லது. தரை விரிசல், குழாய் இடுக்கு எல்லாவற்றையும் பூசி அடையுங்கள். ஆனால் பூச்சு மட்டுமே போதாது. அளவு இறங்கவில்லை என்றால், தரைக்கு அடியில் குழாய் இறக்கி, ஃபேன் வைத்து வாயுவை உறிஞ்சி மொட்டை மாடிக்கு மேலே வெளியேற்றலாம். புது வீடு கட்டுபவர்கள் தளம் போடும்போதே அடியில் ஜல்லியும், அதன்மேல் கனமான பாலித்தீன் ஷீட்டும் போட்டு, ஒரு குழாயும் விட்டுவைத்தால் பின்னாடி இடிக்கிற செலவு மிச்சம். சாதாரண ஏர் பியூரிஃபையர் ரேடான் வாயுவை நீக்காது.

வேலை முடிந்ததும், அதே இடத்தில் மீட்டரை வைத்து மறுபடி அளந்து பாருங்கள்.