வாட்டர்லூ தெருவின் ராணிகள்

1943 ஜூலை 12. சிங்கப்பூரில் இருபது பெண்கள் சேலைக்கட்டோடு துப்பாக்கி ஏந்தி சுபாஷ் சந்திர போஸுக்கு அணிவகுப்பு மரியாதை செலுத்தினார்கள். பெண்களுக்குத் தனிப்படை வேண்டும் என்று பாடாங் திடலில் அவர் கேட்டு மூன்றே நாள் ஆகியிருந்தது. அவர்களைத் திரட்டியவர் டாக்டர் லட்சுமி சுவாமிநாதன். சென்னையில் மருத்துவம் படித்து 1940இல் சிங்கப்பூர் வந்தவர். ஏழைத் தொழிலாளர்களுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தவர்.

ஜான்சி ராணிப் படை எனப் பெயர்பெற்ற அந்தப் பெண்கள் படையின் முகாம் அக்டோபர் 22ஆம் தேதி வாட்டர்லூ தெருவில் திறந்தது. இன்று குவான் இம் கோயிலுக்கு வரும் சீனர்கள் அப்படியே பக்கத்துக் கிருஷ்ணன் கோயிலிலும் ஊதுபத்தி ஏற்றிவிட்டுப் போகிறார்களே, அதே தெருதான். அப்போது ஊரை ஆண்ட ஜப்பானியருக்கு இந்தப் படை பிடிக்கவில்லை. பெண்களுக்குத் துப்பாக்கியும் ரேஷனும் கொடுப்பது வீண் என்பது அவர்கள் கணக்கு.

சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் தமிழர். பலர் மலாயாத் தோட்டங்களில் பால்மரம் சீவிய குடும்பத்தவர், இந்தியாவைக் கண்ணால் பார்த்திராதவர்கள். பிறகு ஏன் வந்தார்கள்? தேசப்பற்று மட்டும் காரணமாக இருந்திருக்காது. தோட்டத்தில் அரிசிக்கே பஞ்சம். ஆண்களைச் சயாம் மரண ரயில் வேலைக்குப் பிடித்துப் போனார்கள். துரைக்கும் கங்காணிக்கும் ஒதுங்கி நின்று பழகியவளுக்குக் காக்கிச் சட்டையும் கால்சட்டையும் போட்டு நடப்பதே பெரிய மாற்றம்.

இவர்களைக் கதையாக்க வருபவருக்குச் சிக்கல் தெருக்கோடியிலேயே காத்திருக்கிறது. நடந்து போகும் தூரத்தில் இருந்த ஒய்எம்சிஏ கட்டடம் அப்போது கெம்பெய்த்தாய் என்ற ஜப்பானிய ராணுவப் போலீஸின் வதைக்கூடம். அந்த நவம்பரில்தான் எலிசபெத் சோய் அங்கே அடைக்கப்பட்டார். சாங்கிச் சிறையில் அடைபட்டிருந்தவர்களுக்கு மருந்தும் பணமும் சேதியும் ரகசியமாக அனுப்பியவர்; மின்சாரம் பாய்ச்சி வதைத்தார்கள், ஏறத்தாழ 200 நாள் வைத்திருந்தார்கள். ஒரே ஊர், ஒரே மாதங்கள். வாட்டர்லூ தெருப் பெண்ணுக்குப் பகைவன் வெள்ளைக்காரன். அவனை விரட்டியவனே எலிசபெத்துக்குப் பகைவன். ஒருத்தியைப் புனிதையாக்க இன்னொருத்தியை மறைக்கும் நாவல் சிங்கப்பூர் நாவலே அல்ல.

போர்க்களக் காட்சிக்கும் வரலாற்றில் இடமில்லை. பர்மா போன ராணிகள் போர்முனையில் இறக்கப்படவில்லை; மேமியோ மருத்துவமனையில் காயம்பட்ட வீரர்களைக் கவனித்தார்கள். 1945 ஏப்ரலில் ரங்கூனை விட்டுப் பின்வாங்கியபோது விமானத் தாக்குதலுக்கு அஞ்சி இரவில் நடந்தார்கள், கூடவே போஸும் நடந்தார். ரயிலில் திரும்பிய ஒரு பிரிவைக் கொரில்லாக்கள் சுட்டதில் இருவர் இறந்தார்கள்.

உயிரோடு திரும்பியவர்கள் சும்மா இருக்கவில்லை. ஜானகி தேவர் 1946இல் மலாயா இந்தியர் காங்கிரஸைத் தொடங்கியவர்களில் ஒருவர். பதினாறு வயதில் சகோதரியோடு படையில் சேர்ந்த ஈப்போ பெண் ரசம்மா ஆசிரியையானார். ஆண் ஆசிரியருக்குக் கொடுக்கும் சம்பளத்தைப் பெண்ணுக்கும் கொடு என்று 1960களில் மலாயா அரசோடு மல்லுக்கு நின்றார்.