கார் விடும் மூச்சு

கார் எண்ணெய் குடித்து ஓடுகிறது என்று சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் அது எண்ணெயைவிடக் காற்றையே அதிகம் உட்கொள்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் நன்றாக எரிவதற்கு ஏறக்குறைய 11 கிலோ காற்று வேண்டும். அதாவது சுமார் 9,000 லிட்டர் காற்று. இந்த மூச்சுக்காக நம் பிள்ளைகள் சிலர் இன்று பணம் செலவழிக்கிறார்கள். ஆகவே, அதன் வரலாற்றை அறிவது நமக்கு நன்மை தரும்.

1876இல் ஜெர்மனியில் நிக்கோலஸ் ஓட்டோ நான்கு வீச்சு இயந்திரத்தை உருவாக்கினார். அதன் முதல் வீச்சே காற்றை உள்ளிழுப்பதுதான். 1893இல் வில்ஹெல்ம் மேபாக், எண்ணெயைத் தூவலாகக் காற்றில் கலக்கும் கார்புரேட்டரை அமைத்தார். ஆனால் 1908இல் வெளிவந்த போர்டு 'டி' மாடல் காரில் காற்று வடிகட்டி கிடையாது. மண் சாலைத் தூசி உள்ளே போய், உப்புத்தாள் தேய்ப்பதுபோல் சிலிண்டரையும் பிஸ்டன் வளையங்களையும் தேய்த்தது. பின்னரே வடிகட்டிகள் வந்தன. தூசியை எண்ணெயில் ஒட்டவைக்கும் வடிகட்டி முதலில் பரவியது. பிறகு மடிப்புக் காகித வடிகட்டி வந்தது.

1969இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் கே அண்ட் என் நிறுவனம் தோன்றியது. எண்ணெய் தடவிய பருத்தித் துணி வடிகட்டியால் அது பெயர் பெற்றது. பந்தயத்தில் நொடிக்கு நொடி மதிப்புண்டு. அங்கே இத்தகைய பொருளுக்கு வேலையும் உண்டு. 2005ஆம் ஆண்டு சிப்பாங் பந்தயத்தில் நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் பதினொன்றாவதாக வந்தார். அத்தகைய கார்களில் ஓட்டுநர் தலைக்கு மேலேயே காற்றுவாய் இருக்கும். வேகத்தில் எதிர்ப்படும் குளிர்ந்த காற்று நேராக உள்ளே பாயும்.

நம் நிலைமை வேறு. 1985இல் வந்த புரோட்டோன் சாகா முதல் இன்றைய கார்வரை, காற்றுப்பெட்டி பெரும்பாலும் வெளிக்காற்றை எடுக்கவே அமைக்கப்பட்டிருக்கிறது. அதைக் கழற்றிவிட்டுத் திறந்த கூம்பு வடிகட்டியைப் பொருத்தினால், இயந்திரம் தன் சூட்டையே உறிஞ்சுகிறது. காற்றின் வெப்பம் சுமார் 3 பாகை கூடினால், அதன் அடர்த்தி நூற்றுக்கு ஒரு பங்கு குறையும், பலமும் குறையும். கூடுவது பெரும்பாலும் சத்தமே. சத்தத்தைக் கேட்டு வேகம் என்று எண்ணிவிடுகிறோம்.

எண்ணெய்ச் செலவு குறையும் என்பதும் உறுதியில்லை. 2009இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடம் புதிய வகைக் கார்களைச் சோதித்தது. அடைபட்ட வடிகட்டியை மாற்றியபோது வேகம் எடுப்பதில் முன்னேற்றம் தெரிந்தது; எண்ணெய்ச் செலவில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. பழைய கார்புரேட்டர் காரில் மட்டும் சிறு மிச்சம் காணப்பட்டது.

சுங்காயில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கிச் செம்பனைத் தோட்டத்துக்குள் நுழைந்தால், செம்மண் புழுதிதான். சரியாக எண்ணெய் தடவாத துணி வடிகட்டி அந்தப் புழுதியை உள்ளே விட்டுவிடும். தாழப் பொருத்திய குழாயோ வெள்ளத்தில் நீரையே உறிஞ்சி, இயந்திரத்தை முறித்துவிடும்.

ஆகவே, பெற்றோர்களே, பிள்ளைகளின் ஆசையைத் திட்டித் தடுக்க வேண்டாம்; இந்தக் கணக்கை எடுத்துச் சொல்லுங்கள். காகித வடிகட்டியை அடிக்கடி பார்த்து, அழுக்கேறினால் மாற்றுங்கள். மாற்று வடிகட்டிதான் வேண்டுமென்றால், வெளிக்காற்றை எடுக்கும் மூடிய பெட்டியோடு வாங்குங்கள். உழைத்துச் சேர்த்த வெள்ளி சத்தமாகக் கரைய வேண்டாம்.