முதற் பிரிவின் வாசல்

பங்கு மலரில் கால்பந்துப் பேச்சு எதற்கென்று சிலர் கேட்கலாம். கோத்தகிரிப் பக்கத்து எஸ்டேட் இளைஞர் அணி சேர்க்கும்போதெல்லாம், லீக்கில் எந்தப் பிரிவில் இடம், அதைத் தீர்மானிப்பவர் யார் என்ற வழக்கு எழும். அவ்வழக்கில் ஒரு கத்தோலிக்கப் பங்கும் முன்பு சிக்கியதுண்டு, ஆகவே எழுதுகிறோம்.

1875-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில், புனித பேட்ரிக் பங்குக் குரு சங்கைக்குரிய எட்வர்ட் ஹன்னன் அடிகளாரின் ஆதரவில், பிழைக்க வந்த அயர்லாந்துக் குடும்பத்துப் பிள்ளைகள் ஹைபெர்னியன் கழகத்தைத் தொடங்கினர். அயர்லாந்தார் என்று சொல்லி அந்நாட்டுக் கால்பந்துச் சங்கம் முதலில் சேர்க்க மறுத்தது. 1893-இல் லீக் இரண்டாகப் பிரிக்கப்பட்டபோது இரண்டாம் பிரிவில் இடம் கிடைத்தது. மறு ஆண்டே அதில் முதலிடம். ஆயினும் மேலே ஏற்றவில்லை! அந்நாளில் ஏற்றம் புள்ளிக் கணக்கால் அன்று, கழகங்களின் வாக்கால். மூன்றாமிடத்துக் கிளைடு கழகம் மேலே போயிற்று. 1895-இலும் ஹைபெர்னியனே முதலிடம் பெற்ற பிறகுதான் கதவு திறந்தது. 1903-இல் லீக் பட்டமே அவர்களுக்கு. தானாக ஏறி இறங்கும் முறை அங்கு வர 1921-22 பருவம் ஆயிற்று.

நம் மலையடிவாரத்திற்கு அப்பால் கோவையில் நடந்ததோ நேர்மாறு. சென்னை சிட்டி கழகம் இரண்டாம் பிரிவில் ஆடித் தேறாமலே 2016-17 பருவத்தில் ஐ-லீக்கில் நேரடியாகச் சேர்க்கப்பட்டது. இது குறுக்கு வழியல்லவா என்ற கேள்வி நியாயமானதே என்பது நம் எண்ணம். ஆனால் கோவை நேரு விளையாட்டரங்கைத் தாயகமாக்கி, 2018-19-இல் 43 புள்ளிகளுடன் அக்கழகம் பட்டம் வென்றது. ஈஸ்ட் பெங்காலுக்கு 42. நுழைந்த வழியைக் குறை சொன்னவர்களும் ஆட்டத்தைக் குறை சொல்ல முடியவில்லை. 2021-22 பருவத்திலோ அக்கழகம் ஐ-லீக்கிலேயே இல்லை.