துப்பாக்கிக் கட்டை சொல்லும் சரித்திரம்

துப்பாக்கி என்றதும் எல்லோருக்கும் இரும்புக் குழல்தான் ஞாபகம் வரும். தோளில் சாய்த்துப் பிடிக்கிற மரக்கட்டையை யாரும் கவனிப்பதில்லை. ஆனால் ஒரு பழைய துப்பாக்கி எங்கே பிறந்தது, எப்படி வாழ்ந்தது என்பதை அந்தக் கட்டைதான் அதிகம் சொல்லும்.

காரைக்குடிக்குப் பக்கத்துத் திருப்பத்தூரில் 1801 அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். அந்தக் காலத்துக் கும்பினிப் படையின் துப்பாக்கி 'பிரவுன் பெஸ்'. அதில் கும்பினி தனக்கென்று செய்வித்த, குழல் 39 அங்குலமாகக் குறைக்கப்பட்ட வகையை 1797ல் பிரிட்டிஷ் ராணுவமே எடுத்துக்கொண்டது. அதன் கட்டை வால்நட், அதாவது அக்ரூட் பருப்பு காய்க்கும் மரம். சிவகங்கைச் சீமையில் விளையாத மரம்!

ஏன் அக்ரூட்? சுடும்போது வரும் உதையைப் பிளக்காமல் தாங்க வேண்டும். மழையிலும் வெயிலிலும் முறுக்கிக்கொள்ளக் கூடாது. கட்டை கொஞ்சம் வளைந்து குழலைத் தள்ளினாலும் குறி தப்பிவிடும். செட்டிநாட்டு வீட்டுத் தூணுக்கு பர்மா தேக்கு ராஜா என்றால், இந்த வேலைக்கு அக்ரூட்தான் ராஜா.

அடுத்த நூற்றாண்டில் வந்தது .303. பழைய தமிழ்ப் படங்களில் போலீஸ்காரர் தோளில் தொங்குமே, அதேதான். வங்காளத்தின் இஷாப்பூர் தொழிற்சாலையில் இது பல்லாண்டுகள் தயாரானது. உலகப் போர்களில் அக்ரூட்டுக்குத் தட்டுப்பாடு வரவே, இங்கிலாந்தில் பீச், பிர்ச் மரங்களையும், ஆஸ்திரேலியாவில் கோச்வுட் என்ற உள்ளூர் மரத்தையும் போட்டார்கள். கோச்வுட் மென்மையானது என்பதால் உதை விழும் இடத்தில் செப்புத் தகடு வைக்க வேண்டியிருந்தது.

மரத்தை அடையாளம் காண நிறத்தை நம்பக் கூடாது. எண்ணெயும் கை அழுக்கும் ஐம்பது வருடத்தில் எந்த மரத்தையும் கறுப்பாக்கிவிடும். ரேகையைத்தான் பார்க்க வேண்டும். அக்ரூட்டில் மெல்லிய கரும் கோடுகளாகத் திறந்த துளைகள் தெரியும். பீச்சில் சின்னச் சின்னப் பழுப்புக் கீற்றுகள் தூவியது போல இருக்கும். பிர்ச்சில் சொல்லும்படி ஒன்றும் இராது, மொழுமொழுவென்று இருக்கும். இன்னொரு அடையாளமும் உண்டு. முன்கட்டையைக் குறுக்கே துளைத்து ஒரு திருகாணி போட்டிருந்தால், கட்டை பிளக்காமலிருக்க இஷாப்பூரில் போட்டது என்று பெரும்பாலும் சொல்லலாம். இங்கிலாந்தில் செய்து இந்தியாவில் பழுது பார்த்த துப்பாக்கிகளிலும் இது இருக்கும்.

பூச்சுக்கு வருவோம். .303க்கு வார்னிஷ் கிடையாது. பச்சை ஆளிவிதை எண்ணெயில் ஊற வைப்பார்கள், பிறகு சிப்பாய் தன் கையாலேயே தேய்த்துக்கொண்டிருப்பான். அது மரத்துக்குள் இறங்கி மங்கலாகத்தான் மின்னும். ரஷ்யாவின் மோசின் துப்பாக்கிகளில் பிர்ச் மேல் அரக்குப் பூச்சு, கண்ணாடி போலப் பளபளக்கும், செதில் செதிலாக உரியும். இந்தியத் துப்பாக்கி பளபளத்தால் பின்னால் யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று பொருள்.

இங்கேதான் பெரிய நஷ்டமே நடக்கிறது. பழையது அசிங்கமாக இருக்கிறதென்று உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடுகிறார்கள். பரிசோதகரின் முத்திரை, படைப்பிரிவின் எண், ஆணியடித்து ஒட்டுப்போட்ட தழும்பு எல்லாம் தூளாகப் போய்விடும். தேய்த்ததைக் கண்டுபிடிப்பதும் சுலபம். அடிக்கட்டை முனையில் இருக்கும் உலோகத் தகட்டைவிட மரம் துளி மேலே நிற்க வேண்டும். தகடு துருத்திக்கொண்டு மரம் உள்வாங்கியிருந்தால் உப்புத்தாள் விளையாடியிருக்கிறது. சேகரிப்பாளர் விலையைக் குறைப்பதும் இதைப் பார்த்துத்தான்.

உத்தரப் பிரதேசப் போலீஸ் 2020 ஜனவரியில்தான் .303க்கு விடை கொடுத்தது. அருங்காட்சியகத்துக்கு வரும் ஒன்றிரண்டையாவது துணியால் துடைத்து, துளி ஆளிவிதை எண்ணெய் தடவி அப்படியே வைத்தால் போதும்.