சுண்டெலியின் 'விருப்பம்': மது நொதி ஆய்வின் ஒரு சிறு வரலாறு

மதுவுக்கு எதிரான முதல் நொதி மருந்து எலியிடமிருந்து வரவில்லை. மனித உடலிலிருந்தே வந்தது. 1940களின் பிற்பகுதியில் கோபன்ஹேகனில் குடற்புழு மருந்து தேடிக்கொண்டிருந்த யென்ஸ் ஹால்டு, எரிக் யாக்கோப்சன் ஆகிய இருவரும் டைசல்ஃபிராம் என்னும் சேர்மத்தைத் தாமே உட்கொண்டு பார்த்தனர். மது அருந்தாத வரை எதுவும் நேரவில்லை. அருந்தியதும் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, குமட்டல் எடுத்தது. இதனையொத்த சேர்மங்களைக் கையாண்ட அமெரிக்க ரப்பர் ஆலைத் தொழிலாளர்களால் மது குடிக்க முடியவில்லை என்று ஒரு மருத்துவர் 1937இலேயே எழுதியிருந்தார். அக்குறிப்பை மருந்தாக மாற்ற அன்று யாரும் முனையவில்லை.

கல்லீரல் மதுவை முதலில் அசிட்டால்டிஹைடாகவும், பின்னர் தீங்கற்ற அசிட்டேட்டாகவும் மாற்றுகிறது. இரண்டாம் படிக்குரிய ஆல்டிஹைடு டிஹைட்ரஜனேஸ் நொதியை டைசல்ஃபிராம் முடக்குவதால் நச்சு உடலில் தேங்குகிறது. 1948இல் 'லான்செட்' இதழில் முடிவுகள் வெளிவந்தன. 'ஆன்டபியூஸ்' என்ற வணிகப் பெயரில் மருந்து பரவியது. தொடக்க ஆண்டுகளில் மருத்துவர்கள் நோயாளிக்கு மாத்திரையைக் கொடுத்து, தம் கண்முன்னே மதுவையும் அருந்தச் செய்து, அந்த அவதியை உணரவைத்தனர். உயிரிழப்புகளும் நேர்ந்தன, பின்னர் அளவு குறைக்கப்பட்டது. எனினும் மாத்திரையை நிறுத்திவிட்டால் மறுபடியும் குடிக்கலாம் என்பது நோயாளிக்குத் தெரிந்தே இருந்தது. குடித்தவனைத் தண்டிப்பது வேறு, குடிக்கும் வேட்கையைத் தணிப்பது வேறு.

வேட்கையை அளக்கச் சுண்டெலி வந்தது. 1959இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ஜெரால்டு மெக்லெர்னும் டேவிட் ரோஜர்ஸும் உள்ளினக் கலப்பால் உருவான எலி வகைகளுக்கு நீரையும் 10 விழுக்காட்டு மதுக் கரைசலையும் வைத்தனர். சி57 வகை மதுவை நாடியது. டிபிஏ வகை ஏறக்குறைய தொடவேயில்லை. ஒரே கூண்டமைப்பு, ஒரே உணவு. ஆகவே வேறுபாடு மரபில் இருந்தது. 1968இல் சி57 எலிகளின் கல்லீரலில் அந்நொதியின் செயல்பாடு கூடுதலாக இருப்பதும் கண்டறியப்பட்டது. டிபிஏ எலி மதுவை வெறுப்பதற்குக் காரணம் கிடைத்துவிட்டதாகவே தோன்றியது.

இந்த இடத்தில் 'விருப்பம்' என்ற சொல் ஆய்வாளர்களைத் திசைமாற்றியது. எந்தப் புட்டியிலிருந்து எவ்வளவு குறைந்தது என்பதைத்தான் சோதனை அளந்தது. அதற்குச் சூட்டிய பெயரோ மனத்தின் பெயர். 1990களில் மதுவை ஊசிவழி செலுத்தியபோது அதே டிபிஏ எலிகள் மது கிடைத்த இடத்தையே தேடிச் சென்றன. நரம்புவழிக் குழாய் பொருத்தியபோது தாமாகவே மதுவைச் செலுத்திக்கொண்டன. அவை விலக்கியது பெருமளவுக்கு வாய்ச்சுவையை, போதையை அன்று. முப்பது ஆண்டுகளாக ஒரே சொல்லில் அடங்கிக் கிடந்த இரண்டு பொருள்கள் அப்போதுதான் பிரிந்தன.

நொதி இலக்கு அதனால் வீழ்ந்துவிடவில்லை. அந்நொதி இயல்பிலேயே குன்றிய கிழக்காசிய மக்களிடம் மது அடிமைநோய் குறைவு என்பது மனிதச் சான்று. எலியின் சுவையுணர்வு அதைத் தொடாது. கேள்வி நுட்பமாயிற்று: எந்த உறுப்பிலுள்ள நொதியை முடக்குவது? 2019இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று கல்லீரலில் மட்டும் அந்நொதியின் மரபணுவை நீக்கிய சுண்டெலிகளைச் சோதித்தது. அவற்றின் மிகுகுடி குறைந்தது. மிதமான குடி குறையவில்லை. அசிட்டால்டிஹைடை அகற்றுவதில் பிற உறுப்புகளுக்கும் பங்கிருப்பதால், கல்லீரலை மட்டும் குறிவைக்கும் மருந்து டைசல்ஃபிராமைவிட மென்மையாக இருக்கலாம் என்பது அவ்வாய்வாளர்களின் எதிர்பார்ப்பு. அவர்கள் கட்டுரைத் தலைப்பிலேயே மிகுகுடியையும் மிதமான குடியையும் வேறுபடுத்தி எழுதியிருந்தனர்.