திருப்புகழின் சந்தம்

திருப்புகழ் என்பது அருணகிரிநாதர் முருகன் மீது பாடிய இசைப்பாடல்களின் தொகுப்பு. எதுகை, மோனை ஆகிய தொடைகளோடு நில்லாமல், குறில் நெடிலையும் வல்லின மெல்லின ஒற்றுகளையும் கணக்கிட்டு ஓசையை அமைத்தல் இப்பாடல்களின் தனித்தன்மை. இவ்வாறு அளந்து அமைக்கப்படும் ஓசை, சந்தம் எனப்படும்.

இன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகம் உள்ள வேங்கிக்காலை அடுத்த திருவண்ணாமலையே அருணகிரிநாதரின் ஊர். அவர் தம் பாடலில் பிரபுடதேவ மாராயன் என்ற மன்னனைக் குறிப்பிடுகிறார். இம்மன்னன் 1422 முதல் 1446 வரை விசயநகரத்தை ஆண்ட இரண்டாம் தேவராயன் என்பர். ஆகவே அருணகிரியாரின் காலம் 15ஆம் நூற்றாண்டு என்று கொள்ளப்படுகிறது. அம்மன்னனுக்காக முருகன் தூணில் தோன்றியதாகச் சொல்லப்படும் கம்பத்து இளையனார் சன்னதி அண்ணாமலையார் கோயிலில் உள்ளது. அது தலபுராணச் செய்தி. மன்னனின் பெயர் பாடலிலேயே இருப்பது வரலாற்றுச் சான்று.

சந்தம் அருணகிரியார் புதிதாகக் கண்டதன்று. தொல்காப்பியச் செய்யுளியல் மோனை, எதுகை, முரண், இயைபு, அளபெடை என்ற தொடைகளைக் கூறுவதோடு இருபது வகை வண்ணங்களையும் எண்ணுகிறது. வல்லெழுத்து மிகுந்தால் வல்லிசை வண்ணம், மெல்லெழுத்து மிகுந்தால் மெல்லிசை வண்ணம் எனப் பெயர்கள் செல்கின்றன. 7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் முடுகியலும் திருத்தாளச்சதியும் பாடினார். அருணகிரியார் சம்பந்தரைப் பல இடங்களில் போற்றுவதற்குப் பக்தி மட்டுமே காரணமாக இருக்க முடியாது.

பட்டு, பாட்டு, பந்து, பாம்பு, வீடு ஆகிய ஐந்து சொற்களையும் அலகிட்டுப் பார்த்தால் ஐந்தும் நேர் நேர், அதாவது தேமா. வெண்பாவோ விருத்தமோ எழுதுபவர் ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்தாலும் தளை தட்டாது. வண்ணப் பாடலில் அது நடக்காது. அங்கே பட்டு என்பது தத்த. பாட்டு என்பது தாத்த. பந்து என்பது தந்த. பாம்பு என்பது தாந்த. வீடு என்பது தான. மணி போன்ற சொல் தன எனவும், கிண்ண என்பது போல மெல்லொற்று இரட்டித்தால் தன்ன எனவும், உள்ள என்பது போல இடையின ஒற்று இரட்டித்தால் தய்ய எனவும் கொள்ளப்படும். இந்த எட்டே அடிப்படைச் சந்தங்கள். இவற்றுக்கு இலக்கணம் வகுத்த நூல் வண்ணத்தியல்பு. இயற்றியவர் 19ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகள். பாடல்கள் தோன்றி ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகள் கழித்தே இந்த விரிவான இலக்கணம் எழுதப்பட்டது.

திருப்புகழ்ப் பாடல்கள் பெரும்பாலானவற்றில் ஓர் ஒலித்துண்டு மூன்று முறை மடங்கி வரும். பின்னர்த் தொங்கல் என்னும் குறுந்துண்டு வந்து முடிக்கும். இதே அமைப்பு பாடல் முழுவதும் மாறாமல் தொடரும். அச்சு நூல்களில் பாடலின் தலைப்பில் தத்தத்தன, தானதந்தன என்பன போன்ற சந்தக் குறிப்பு இருப்பது இதனால்தான். பலர் அதைப் பொருளற்ற அலங்காரம் என்று தாண்டிச் செல்வர். உண்மையில் அது பாடலின் அளவுகோல்.

அந்த அளவுகோலின் அருமை ஏட்டுச் சுவடியில் விளங்கும். பழைய ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருப்பதில்லை. எ, ஏ என்ற வேறுபாடும் ஒ, ஓ என்ற வேறுபாடும் காட்டப்படுவதில்லை. எட்டு, ஏட்டு ஆகிய இரண்டும் ஏட்டில் ஒரே வடிவில் இருக்கும். இரண்டும் தேமா என்பதால் யாப்பும் உதவாது. சந்தம் உதவும்: தத்த வரவேண்டிய இடமானால் எட்டு, தாத்த வரவேண்டிய இடமானால் ஏட்டு. எழுதியவர் ஓர் எழுத்தை விட்டிருந்தாலும் மடங்கி வரும் மற்றத் துண்டுகள் அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அருணகிரியார் பதினாறாயிரம் பாடல்கள் பாடினார் என்பது மரபு. இன்று கிடைப்பவை ஆயிரத்து முந்நூற்றுக்குச் சற்று மேல். அவையும் கிடைத்தது மாவட்ட முன்சீப்பாகப் பணியாற்றிய வ.த. சுப்பிரமணிய பிள்ளையின் உழைப்பால். 1871இல் சிதம்பரம் தீட்சிதர்கள் வழக்கொன்றில் சான்றாகக் காட்டிய திருப்புகழ்ப் பாடல் அவர் மனத்தைப் பற்றிக்கொண்டது. ஊர் ஊராக ஏடுகளைத் தேடி, ஒப்பிட்டு, 1894இல் முதற்பகுதியை அச்சிட்டார். அவர் மகன் வ.சு. செங்கல்வராய பிள்ளை பின்னர் உரை எழுதினார். நீதிமன்ற அலுவலுக்கு இடையே இப்பணி நடந்தது என்பது சிறப்பு.

ஆனால் இசை முழுதும் பிழைக்கவில்லை. அருணகிரியார் பாடிய மெட்டுகள் மறைந்துவிட்டன. இன்று கேட்கும் இராகங்கள் பிற்காலத்தவர் அமைத்தவை. தாளம் மட்டும் சொற்களுக்குள்ளேயே இருந்ததால் தப்பியது. சந்தத்தை எண்ணித் தாளத்தை மீட்டெடுக்க முடிகிறது. காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கடினமான தாளங்களில் திருப்புகழைக் கச்சேரி மேடையில் பாடிப் புகழ்பெற்றார். 1964இல் வெளிவந்த ‘அருணகிரிநாதர்’ திரைப்படத்தில் டி.எம். சௌந்தரராஜன் நடித்துப் பாடியது இந்த ஓசையைப் பொதுமக்களிடம் கொண்டுசென்றது.

சந்தத்துக்காகப் பொருள் விலை கொடுத்த இடங்களும் உண்டு. சொற்கள் சீர்களுக்கு இடையே உடைந்து நிற்கும். வடசொற்கள் நெருக்கமாக வரும். சலாம் போன்ற அயற்சொல்லும் இடம்பெறும். பதம் பிரித்த பதிப்பு இல்லாமல் பல பாடல்கள் மாணவருக்கு விளங்குவது கடினம். பதம் பிரித்து அச்சிட்டாலோ பொருள் தெளியும், ஓசை கண்ணுக்கு மறையும். சில பதிப்புகளில் ஒரே பாடல் சந்த வடிவிலும் பதம் பிரித்த வடிவிலும் அடுத்தடுத்து அச்சிடப்பட்டிருக்கிறது. முதல் வடிவை வாய்விட்டுப் படித்த பிறகு இரண்டாவதைப் பார்ப்பதே கற்பவருக்கு எளிய வழி.