பிறர் பாத்திரங்களை நிறைத்த திராட்சை



திராட்சரசத்தைப் பற்றி ஒரு போதகன் எழுதலாமா என்று உங்களில் சிலர் முகம் சுளிக்கக்கூடும். நான் உங்களைப் பானம்பண்ண அழைக்கவில்லை. ஒரு செடிக்கு நேர்ந்ததைச் சொல்லவே விரும்புகிறேன்.

ஸ்பெயின் தேசத்தின் தென்கிழக்கில், முர்சியா பகுதியில், ஹூமியா என்றொரு ஊர் உண்டு. ஆண்டுக்கு ஏறத்தாழ 300 மில்லிமீட்டர் மழையே காணும் வறண்ட மேட்டுநிலம் அது. பந்தலும் கம்பியும் இன்றி, குட்டையான புதர்களாக, ஒன்றுக்கொன்று தூரமாய் அங்கே நிற்கிறது மொனாஸ்ட்ரெல் என்னும் கருந்திராட்சை. தடித்த தோலும் சிறிய கனியும் உடையது, வெயிலை நாடுவது, காலந்தாழ்ந்து பழுப்பது. அதன் சிவப்பு ரசம் கடைகளில் பெரும்பாலும் மலிவான வரிசையிலேயே வைக்கப்படுகிறது. தரம் குறைந்ததாலா? நிச்சயமாக இல்லை.

அதன் பெயரைப் பாருங்கள். மடாலயத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து அது பிறந்தது என்று அறிஞர் கருதுகின்றனர். துறவிகள் அதைப் பேணி வளர்த்திருக்கக்கூடும். 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்செஸ்க் எய்ஷிமேனிஸ் என்ற பிரான்சிஸ்கன் துறவி, வலென்சியா நாட்டின் திராட்சைகளுள் இதையும் குறிப்பிட்டிருக்கிறார். பின்னர் அது பிறந்த கரையை விட்டுப் புறப்பட்டது. சகுந்தோ நகரத்தின் பழைய பெயர் முர்வியேத்ரோ. அதனால் பிரான்சில் இது மூர்வேத்ர் ஆயிற்று. பார்சலோனாவுக்கு அருகிலுள்ள மத்தாரோவின் பெயரால் ஆஸ்திரேலியாவில் மத்தாரோ ஆயிற்று. பிரான்சின் பந்தோல் பகுதிக்கு 1941இல் அரசு அங்கீகாரம் கிடைத்தது. அங்கே செந்திராட்சரசத்தில் பாதியளவேனும் இந்தத் திராட்சை இருந்தாக வேண்டும் என்பது விதி. பந்தோலின் ரசத்தைப் பல மடங்கு விலை கொடுத்து வாங்குகிறார்கள். அதே செடிதான், பிரியமானவர்களே. தாய்வீட்டில்தான் அதற்கு மதிப்பில்லை.

இதற்குக் காரணம் ஒரு பூச்சி என்றால் வியப்பீர்கள். அசுவினியைப் போன்ற நுண்ணிய பூச்சியாகிய ஃபிலாக்ஸீரா, 1860களில் அமெரிக்காவிலிருந்து வந்த செடிகளோடு பிரான்சுக்குள் புகுந்தது. அது வேரை உறிஞ்ச, தோட்டம் தோட்டமாகச் செடிகள் பட்டுப்போயின. 1868இல் பிளான்ஷோன் என்ற தாவர அறிஞரும் அவருடைய தோழர்களும் அதைக் கண்டுபிடித்தார்கள். பூச்சியைத் தாங்கும் அமெரிக்கக் காட்டுவேரின்மேல் ஐரோப்பியக் கிளையை ஒட்டவைப்பதே இறுதியில் கிடைத்த தீர்வு. (ரோமர் 11ஆம் அதிகாரத்தில் பவுல் காட்டொலிவக் கிளை நல்ல மரத்தில் ஒட்டப்படுவதைப் பேசுகிறார். இங்கே முறை தலைகீழ்: நல்ல கிளையைக் காட்டுவேர் சுமந்தது.)

1878இல் பூச்சி ஸ்பெயினின் மலாகாவை எட்டியது. ஆனால் ஹூமியாவின் மணற்பாங்கான நிலம் அதற்கு வழிவிடவில்லை. ஒட்டுப்போடாத செடிகள் சொந்த வேரிலேயே நின்றன. பாதுகாக்கப்பட்டது பாக்கியம் என்போம். ஆனால் அந்தப் பாக்கியத்தோடு ஒரு சோதனையும் வந்தது. ரசமின்றித் தவித்த பிரெஞ்சு வியாபாரிகள் ஸ்பெயினுக்கு விரைந்தார்கள். 1882இன் வணிக உடன்படிக்கை அவர்களுக்கு வாசலைத் திறந்தது. அவர்கள் கேட்டது சுவையை அல்ல, கருமையையும் வீரியத்தையுமே. தங்கள் மெலிந்த ரசத்தில் கலப்பதற்கு அது போதுமாயிருந்தது. மொனாஸ்ட்ரெல் பீப்பாய்களில் பெயரின்றிப் போயிற்று. 1892இல் உடன்படிக்கை முடிந்தது; பழக்கம் முடியவில்லை. 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியும் அவ்வாறே கழிந்தது. இனிப்பு ஏறஏற வீரியமும் ஏறும் என்பதால் கனியை மிஞ்சிப் பழுக்கவிட்டார்கள். பிறகு, இதன் ரசம் முரடானது என்று இதையே பழித்தார்கள். என்ன நியாயம் இது! 1966இல் ஹூமியாவின் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்த பிறகும் அந்தப் பழி சீக்கிரம் நீங்கவில்லை.

1989இல், ஒருவரும் நினையாத வேளையில், அதே பூச்சி ஹூமியாவுக்கு வந்தது. நூற்றாண்டுக்கு மேல் தப்பியிருந்த தோட்டங்கள் சில ஆண்டுகளுக்குள் பெருமளவில் அழிந்தன. அந்த இழப்பை நான் லேசாக எண்ணவில்லை. பாட்டன் நட்டதைப் பேரன் பிடுங்கி எரிப்பது எளிதன்று. ஆயினும் ஒட்டுச்செடியை நட்டு மறுபடி தொடங்கியவர்களில் பலர் வேறுவிதமாய்த் தொடங்கினார்கள். கனியை உரிய வேளையில் பறித்தார்கள். பிறருடைய பீப்பாய்க்கு அனுப்பாமல், சொந்தப் பெயரிட்டுப் புட்டியில் அடைத்தார்கள்.

மிகுந்த மணலுள்ள நிலங்களில் பழைய செடிகள் சில பிழைத்தன. இன்று அவற்றை அச்சுறுத்துவது பூச்சி மட்டுமல்ல, விலையும்தான். முதிர்ந்த செடி கொஞ்சமே காய்க்கும். புதர்களுக்கு இடையே இயந்திரம் செல்லாது, கையால்தான் பறிக்க வேண்டும். பழத்துக்கோ எடைபோட்டே கூலி கிடைக்கிறது. 2008இல் ஐரோப்பிய ஒன்றியம், திராட்சச்செடிகளை வேரோடு பிடுங்குவோருக்குப் பணம் கொடுக்கும் மூன்றாண்டுத் திட்டத்தைத் தொடங்கியபோது, அதை மிகுதியாய்ப் பயன்படுத்திய தேசம் ஸ்பெயினே. அந்த விவசாயிகளைக் குறைகூற எனக்கு மனமில்லை. மலிவான புட்டி ஒன்றின் விலையில் தன் உழைப்புக்கு எவ்வளவு மிஞ்சுகிறது என்று அவர்கள் கணக்குப் பார்த்திருப்பார்கள்.

பிடுங்காமல் வைத்திருப்போரும் உண்டு. அவர்களுடைய புட்டிகளில் ‘பியே ஃபிராங்கோ’ என்ற இரு சொற்களைக் காணலாம். ஒட்டுப்போடாத, சொந்த வேரில் நிற்கும் செடி என்பது அதன் பொருள். விலை சற்றே அதிகம்.